எறிப்பும் அவிச்சலும்



சித்திரை மாதத்தில் ஒரு நாள், நண்பகல் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். பருத்தித்துறை பஸ்ஸை எதிர்பார்த்து நிற்பவரும் காரைநகர் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்பவரும் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். ஆயினும் அவர்களுக்கிடையே பேச்சு எப்படியோ தொடங்கிவிடும்.

"என்ன எறிப்பு எறிக்குது பாத்தியளே?" என்பார் ஒருவர்.

"எறிப்பெண்டாலும் பரவாயில்லை. இந்த அவிச்சலைத்தான் தாங்கேலாமல் கிடக்கு," என்பார் மற்றவர்.

வெயிலைப் பற்றிய பேச்சு வெறும் பொழுதுபோக்கு என்று நாம் கருதுகிறோம். பேசுவதற்கு வேறு பொருள் இல்லாதவர்கள் பேசுவது என்றும் நினைக்கிறோம். ஆனால் இவ்விருவர் பேச்சையும் சற்று ஊன்றிக் கேட்டால் ஓர் உண்மை புலப்படும். இரண்டாமவர் முதலாமவர் சொன்னதை ஆமோதிக்கவில்லை, திருத்தினார். நாம் துன்புறுவது எறிப்பினாலன்று, அவிச்சலினால் என்றார். எறிப்பு வேறு, அவிச்சல் வேறு. இந்த வேறுபாட்டை எடுத்துரைக்க அவருக்கு வெப்பமானி தேவைப்படவில்லை.

எறிப்பு என்பது மேலிருந்து விழுவது. குடையை விரித்தால், வேப்பமர நிழலில் ஒதுங்கினால், அதினின்று தப்பலாம். அவிச்சல் அத்தகையதன்று. அது நிழலுக்குள்ளும் வரும். விறாந்தையில் சாய்கதிரையில் இருப்பவரையும் தேடி வரும். வெக்கை என்பது சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் நம்மேல் வீசுவது. பொழுது பட்ட பின்னரும் சுவரில் முதுகை வைத்தால் தெரியும். காங்கை என்பது தார் வீதியிலிருந்து அலையலையாய் எழுந்து, தூரத்தே வரும் சைக்கிளை நெளியச் செய்வது. காந்தல் தோலுக்கு உரியது. சூடு உடம்பின் உள்ளே இருப்பது; அதற்கு மோரும் வெந்தயமும் நுங்கும் மருந்து. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஓர் இடத்தையும் ஒரு தன்மையையும் வகுத்து வைத்திருக்கிறது நம் பேச்சு. தமிழ் படிப்பிப்பவள் என்ற முறையில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அந்தப் பெருமைக்கு ஒரு முறை பங்கம் நேர்ந்ததையும் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் வெப்பமானியின் வழக்கைக் கேட்போம்.

தமிழ்நாட்டில் வேலூர், திருத்தணி முதலிய இடங்களில் வாழும் உறவினர் கோடையில் தொலைபேசியிற் பேசும்போது, "இங்கே நாற்பத்தொன்று, உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்பதுண்டு. "முப்பத்துமூன்று" என்று நாம் சொன்னால் மறுமுனையில் ஒரு சிரிப்பு எழும். முப்பத்துமூன்றுக்கா இத்தனை முறைப்பாடு என்பது அச்சிரிப்பின் பொருள். உண்மைதான். குடாநாட்டில் நண்பகல் வெப்பநிலை கடுங்கோடையிலும் பெரும்பாலும் 32 முதல் 35 பாகை செல்சியசு வரையிலேயே நின்றுவிடுகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சில மைல் தூரத்தில் கடலோ கடல்நீரேரியோ இருக்கிறது. அது வெப்பத்தை ஓர் எல்லைக்கு மேல் ஏறவிடாது. ஆனால் அதே கடல் காற்றில் நீராவியை நிறைத்தும் விடுகிறது. ஒரு கையாற் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்வது போன்றது அது.

வெப்பமானியை வைக்கும் இடத்தையும் நாம் மனத்திற்கொள்ள வேண்டும். வளிமண்டலவியல் நிலையங்களுக்கு மாணவரை அழைத்துச் சென்றவர்கள் அதைக் கண்டிருப்பார்கள். கால்களை உடைய ஒரு மரப்பெட்டி. வெள்ளை நிறம் தீட்டியது. காற்றுப் போகவும் வெயில் புகாதிருக்கவும் பக்கங்களிற் சரிவாகப் பலகைகள் அடித்தது. நெஞ்சளவு உயரத்தில், புற்றரையின் மேல் நிற்கும். அதனுள்ளேதான் வெப்பமானி குடியிருக்கிறது. இந்தப் பெட்டியை வகுத்தவர் ஸ்கொத்லாந்து தேசத்துக் கலங்கரை விளக்கப் பொறியியலாளர் தோமஸ் ஸ்டீவன்சன். 'புதையல் தீவு' என்னும் கதையை எழுதி உலகப் புகழ் பெற்ற ரொபேட் லூயிஸ் ஸ்டீவன்சனின் தகப்பனார் அவர். மகன் கடற்கொள்ளைக்காரரைத் திறந்த கடலில் அலையவிட்டார். தகப்பனார் வெப்பமானியை நிழலில் இருத்தினார். இருவரும் தத்தம் தொழிலைச் செவ்வனே செய்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நிழலின் வெப்பமே உரியது என்பதில் விஞ்ஞான நியாயம் உண்டு. ஆனால் கோப்பாய்ச் செம்மண் தோட்டத்தில் வெங்காயம் கிண்டுகிற பெண்ணுக்கு அந்தப் பெட்டி இல்லை. மாலைச் செய்தியில் முப்பத்துமூன்று என்று வாசிக்கும்போது, அது பெட்டிக்குள் இருந்த வெப்பமானிக்கு முப்பத்துமூன்று என்பதை நினைவில் வைத்திருத்தல் நல்லது.

இனி நம்மவர் சொற்களுக்கு வருவோம். இச்சொற்கள் எங்கே பிறந்தன என்று யோசித்தால், அவற்றுட் பெரும்பாலானவை அடுக்களையிற் பிறந்தவை என்பது தெரியவரும். அவிகிறது, புழுங்குகிறது, வறுக்கிறது, வாட்டுகிறது, கொதிக்கிறது, தீய்க்கிறது. வாழையிலையை நெருப்பிலே காட்டினால் வாட்டுதல். வெயிலில் வந்த பிள்ளையின் முகத்தையும் 'வாடிப்போச்சு' என்கிறோம். நெல்லைத் தண்ணீரில் இட்டு வேகவைத்தால் புழுக்குதல். காற்றசையாத இரவையும் புழுக்கம் என்கிறோம். இது வெறும் உவமையன்று. அடுப்படியில் நிற்பவளுக்கு அவித்தல் வேறு, வறுத்தல் வேறு. நீத்துப்பெட்டியிற் பிட்டு அவிக்கும்போது கீழே பானையில் நீர் இருக்க வேண்டும். ஆவி மேலெழுந்து மாவினூடே செல்ல வேண்டும். மேலே மூட வேண்டும். தூளுக்கு மிளகாயும் மல்லியும் வறுக்கும்போதோ ஒரு துளி நீரும் கூடாது. சட்டி திறந்திருக்க வேண்டும். ஈரமுள்ள வெப்பத்துக்கு ஒரு வினை. ஈரமற்ற வெப்பத்துக்கு மற்றொரு வினை. சித்திரையில் யாழ்ப்பாணத்தவர் 'அவிக்குது' என்று சொல்லும்போது, நீராவி நிறைந்த, மூடப்பட்ட வெப்பம் என்று துல்லியமாகவே சொல்கிறார்கள். 'வறுக்குது' என்று அப்போது சொன்னால் அது பிழை. பிட்டுக்கும் மிளகாய்த்தூளுக்கும் வேற்றுமை தெரியாதவர் செய்யும் பிழை.

விஞ்ஞானம் இவ்விடத்துக்கு வந்து சேரச் சிறிது காலம் எடுத்தது. ஸ்டெட்மன் என்னும் அறிஞர் 1979ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். காற்றின் வெப்பத்தையும் அதிலுள்ள ஈரத்தையும் சேர்த்து, மனித உடல் உணரும் வெப்பம் எவ்வளவு என்று கணித்தார். அவருடைய ஆய்வின் தலைப்பிலே 'புழுக்கம்' என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லே நிற்கிறது. அதிலிருந்து தோன்றியதே இன்று வெப்பச் சுட்டெண் என்று சொல்லப்படுவது. அதன்படி, வெப்பநிலை 32 பாகையாக இருந்து ஈரப்பதன் நூற்றுக்கு 40 ஆக இருப்பின், உடலுக்கு அது ஏறத்தாழ 33 பாகையாகவே தோன்றும். அதே 32 பாகையில் ஈரப்பதன் நூற்றுக்கு 70 ஆனால், 40 பாகைக்கு மேற்பட்டதாகத் தோன்றும். காரணம் எளிது. நமது உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வையால்; வியர்வை சுரந்தால் மட்டும் போதாது, அது ஆவியாகிப் போக வேண்டும்; போகும்போதுதான் உடலின் வெப்பத்தையும் உடன்கொண்டு போகும். காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருந்தால் வியர்வைக்குப் போக வழியில்லை. அது முதுகிலே வழிந்து சட்டையை நனைக்குமேயன்றிக் குளிர்விக்காது. வேலூர் உறவினரின் சிரிப்புக்கு இப்போது நம்மிடம் மறுமொழி உண்டு. எமது வளிமண்டலவியல் திணைக்களமும் சில ஆண்டுகளாக இந்தச் சுட்டெண்ணைக் கொண்டு, 'கவனம் தேவை', 'மிகுந்த கவனம் தேவை' என்று நிறம் பிரித்து அறிவித்தல் விடுத்து வருகிறது. பஸ் நிலையத்தில் நின்ற அந்த இரண்டாமவர் சொன்னதும் அதுவே.

ஏழாந் தரத்து மாணவன் ஒருவன் ஒருமுறை என்னை ஒரு கேள்வி கேட்டான். பெரும்பொழுது ஆறு, அவற்றுட் சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்று படிப்பித்துக்கொண்டிருந்தேன். "சித்திரையிலைதானே ரீச்சர் கூடின வெயில்? பிறகேன் அதுக்கு இளவேனில் எண்டு பேர்?" என்றான். 'இள' என்பது குளிர்ச்சியைக் குறிப்பதன்று. வேனிலின் இளமைப் பருவம் என்றே பொருள் என்று சமாதானம் சொன்னேன். அவன் திருப்தியடைந்தவனாகத் தோன்றவில்லை. உண்மையில் நானும் திருப்தியடையவில்லை. அவனுடைய கேள்விக்கு விடை இலக்கண நூலில் இல்லை, காற்றில் இருக்கிறது.

வைகாசி பிறந்து சில நாளில் நமக்குச் சோளகம் எழும்புகிறது. தென்மேற்குப் பருவக்காற்று இது. கொழும்பிலும் இரத்தினபுரியிலும் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலும் மழையைக் கொட்டும் அது, நம்மிடம் வெறுங்கையோடு வருகிறது. மழை தராது. வேலிக் கிடுகைப் பிய்க்கும். செம்புழுதியை வீட்டுக்குள் கொண்டு வந்து சேர்க்கும். ஆனாலும் காற்றாவது அசைகிறதே! ஆனி ஆடியில் வெயில் எவ்வளவு எறித்தாலும் அவிச்சல் தணிந்திருப்பதற்குச் சோளகமே காரணம். சித்திரையிலோ வாடையும் ஓய்ந்துவிட்டது, சோளகமும் எழும்பவில்லை. இரண்டு காற்றுக்கும் இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில் பனையோலை ஒன்றும் அசையாது. நீத்துப்பெட்டியின் வாய் மூடப்பட்டிருக்கும் காலம் அது. இலக்கணத்தார் முதுவேனில் என்றது சூரியனைக் கண்டு. நாம் சித்திரைக்கு அஞ்சுவது காற்றைக் கண்டு.

அதே தென்மேற்குக் காற்று கிழக்கே மட்டக்களப்பை அடையும்போது கச்சான் எனப்படுகிறது. மலைகளைக் கடந்து, மறுபுறம் இறங்கும்போது மேலும் சூடேறி, உலர்ந்து, வயலையும் முகத்தையும் பொசுக்கிக்கொண்டு வரும். அங்குள்ளவர்கள் வறுக்கிறது என்று சொன்னால் அது முற்றிலும் பொருந்தும். எங்கள் நாட்டில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றே பெயர் வழங்குவதை அயலூர் நேயர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். வறுபடுவதில் இரண்டுக்கும் உறவு உண்டு போலும்.

சூரியனையும் முற்றாக விட்டுவிடக் கூடாது. ஏப்பிரல் மாதம் 5ஆம் திகதியளவில் அது இலங்கையின் தென்முனைக்கு நேர் மேலே வருகிறது. நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, மாதத்தின் நடுப்பகுதியில், புத்தாண்டுப் பொங்கற் பானை ஆறுமுன்னே, குடாநாட்டின் உச்சிக்கு வந்துவிடுகிறது. அந்நாட்களில் நண்பகலில் முற்றத்தில் ஒரு கம்பை நட்டால் நிழல் இராது; காலடியிலேயே ஒளிந்துகொள்ளும். பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டினால் ஒரு மாதத்துப் பூமிசாத்திரப் பாடத்துக்குச் சமம். வடக்கே கடகக் கோடு வரை சென்று திரும்பும் அதே சூரியன், ஆகஸ்ட் மாத இறுதியில், பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாக் காலத்தை அண்டி, மீண்டும் நம் உச்சியைக் கடக்கிறது. அங்கப்பிரதட்சணம் செய்யும் அடியார்கள் உருளும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பதும், தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் ஊறுகாய்த் தண்ணீரும் வார்ப்பதும் காரணமற்ற வழக்கங்கள் அல்ல.

பஞ்சாங்கத்திலே அக்கினி நட்சத்திரம் எனக் குறிக்கப்படும் நாட்கள் மே மாதம் 4ஆம் திகதியளவிலிருந்து 28ஆம் திகதியளவு வரை. சூரியன் பரணியின் மூன்றாம் பாதம் தொடங்கி, கார்த்திகை முழுவதையும் கடந்து, உரோகிணி முதற் பாதம் வரை செல்லும் காலம். கார்த்திகை அக்கினிக்கு உரிய நட்சத்திரம் ஆகையால் அப்பெயர். ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் 'காண்டாவனம்' என்பார்கள். அருச்சுனனும் கண்ணனும் அக்கினி பகவானின் பசிக்கு ஒரு வனத்தையே இரையாக்கிய பாரதக் கதையிலிருந்து வந்த பெயர். இந்திரன் மழையைப் பொழிய, அருச்சுனன் அம்புகளாற் பந்தலிட்டு ஒரு துளியும் விழாமல் தடுத்தானாம். மேகம் கறுத்துக் கூடி, இடியும் இடித்து, ஒரு துளியும் விழாமற் போகும் சித்திரை மாலைகளைக் கண்டவர்களுக்கு இந்தக் கதை பொய்யாகத் தோன்றாது.

வெயில் நமக்கு மணிக்கூடாகவும் இருந்தது. இன்றும் ஊர்ப்பக்கத்தில் "வெயில் ஏற முதல் போயிட்டு வா", "வெயில் தாழ வாறன்" என்ற பேச்சுக் கேட்கிறது. 'ஐந்து மணிக்கு வருகிறேன்' என்பவர் சில சமயம் பிந்துவார். 'வெயில் தாழ வருகிறேன்' என்பவர் ஒருபோதும் பிந்துவதில்லை, ஏனெனில் அச்சொல்லே நெகிழ்ச்சியுடையது. துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்த காலத்தில் விடியற்புறம் மூன்று நான்கு மணிக்கே இறைப்புத் தொடங்கும். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, ஒருவர் பட்டையைச் சரிக்க, ஒருவர் வாய்க்காலில் தண்ணீர் மாற்ற, வெயில் ஏறுமுன் வேலை முடிந்துவிடும். இயந்திரம் வந்த பின் எந்நேரமும் இறைக்கலாம் என்றாயிற்று. உச்சி வெயிலில் இறைக்கும் நீரில் ஒரு பங்கு ஆவியாகப் போகிறது. ஆறில்லாத நாடு எமது. மாரியில் வழுக்கியாறு ஓடுவதை ஆறென்று சொல்லி மகிழ்கிறோம். சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளிலே, உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் மழைநீரே நமக்குள்ள செல்வம். கோடையில் அதை அளவுமீறி இறைத்தால் கீழே உள்ள உவர் மேலே வருகிறது. இதைப் பற்றி முழுநாளும் பேசலாம். இன்றைய பொருள் அதுவன்று.

வெயிலை வெறுக்காதவர்களும் நம்மிடையே உண்டு. ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள். பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலுக்குக் காயப்போட்டவர்களை, குருநகரிலும் மயிலிட்டியிலும் கருவாடு போடுபவர்களை, மிளகாய் காயவைப்பவர்களைக் கேளுங்கள். அவர்கள் வாயில் "வெயில் காணாது" என்ற சொல் வரும். போதாது என்பதை நாம் காணாது என்கிறோம். நாம் நிழல் தேடி ஓடும் அதே நேரத்தில், சில வீடுகளில் அடுத்த வாரத்து அரிசி அந்த வெயிலிலே காய்ந்துகொண்டிருக்கிறது. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் தித்திப்பில் சித்திரை வைகாசி வெயிலுக்குப் பங்குண்டு என்பதையும் நன்றி மறவாமற் சொல்ல வேண்டும்.

இனி என் பெருமைக்கு நேர்ந்த பங்கத்தைச் சொல்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அப்போது நான் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியை. 'வெயில்' என்னும் தலைப்பில் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். நாற்பது கொப்பிகளிலும் ஏறத்தாழ ஒரே கட்டுரை. கதிரவன் தன் செங்கதிர்களைப் பரப்பினான். பறவைகள் கூடுகளில் ஒடுங்கின. மக்கள் மரநிழலை நாடினர். நான் படிப்பித்த சொற்றொடர்களே என்னிடம் திரும்பி வந்திருந்தன. ஒரு பிள்ளை மட்டும் ஓரிடத்தில், 'எங்கள் வீட்டில் வெயில் சத்தம் போடும்' என்று எழுதியிருந்தாள். வெயிலுக்கு ஒளி உண்டு, வெப்பம் உண்டு, சத்தம் ஏது? சிவப்பு மையாற் கோடிட்டு, 'பொருட்பிழை' என்று ஓரத்தில் எழுதினேன். இரண்டு புள்ளி குறைத்தேன். அன்று எனக்கு அதில் ஐயம் எதுவும் எழவில்லை.

சில கிழமைகளின் பின் அப்பிள்ளை தொடர்ந்து பாடசாலைக்கு வரவில்லை. விசாரிக்கச் சென்றேன். வலிகாமம் வடக்கிலிருந்து 1990ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, நலன்புரி நிலையங்கள் என்று பெயரிடப்பட்ட குடியிருப்புகளிலே கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தன என்பதை நேயர்கள் அறிவீர்கள். அத்தகைய நிலையம் ஒன்றிலே அவர்களுடைய குடில் இருந்தது. கூரையும் தகரம், மூன்று பக்கச் சுவரும் தகரம், ஒரு பக்கத்துக்குத் தறப்பாள். நேரம் பதினொன்றரை மணி இருக்கும்.

"வாங்கோ ரீச்சர். உள்ளுக்கை இருக்கேலாது, வேம்புக்குக் கீழை இருங்கோ, கதிரை கொண்டாறன்," என்றாள் தாய். அம்மம்மாவுக்குச் சுகமில்லை, தாய் கூலி வேலைக்குப் போவதால் பிள்ளை கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள் என்று அறிந்தேன். கிழவியைப் பாராமல் திரும்புவது முறையன்று என்று உள்ளே சென்றேன். ஓலைப்பாயிற் கிடந்தாள் கிழவி. பிள்ளை பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். வெளியே மேகம் ஒன்று சூரியனை மறைத்திருந்தது போலும், அது விலகியது. உடனே தலைக்கு மேலே, 'டக்' என்று ஒரு சத்தம். பின்னர் மற்றொன்று. பிறகு கூரை முழுவதும், யாரோ சிறு கற்களை ஒவ்வொன்றாக எறிவதுபோல, டக் டக் என்று எழத் தொடங்கிற்று. தகரம் சூட்டில் விரிகிறது. அடித்த ஆணி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பொறுக்க முடியாத அளவில் அது சட்டென்று விடுபடும்போது எழும் ஒலி. பௌதிகம் படித்தவர்களுக்கு இது சிறிய செய்தி. நான் கலைப் பட்டதாரி.

பிள்ளை விசிறுவதை நிறுத்தவில்லை. மேலே ஒரு முறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கொப்பியில் நான் எழுதியதை அவள் மறந்திருக்கவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"இதைத்தான் எழுதினியோ?" என்றேன்.

"ஓம் ரீச்சர்," என்றாள். சற்றுப் பொறுத்து, "அப்ப புள்ளி கூடுமோ?" என்று கேட்டாள்.

கூட்டினேன். குறைத்த இரண்டையும் கொடுத்தேன். அதற்கு மேலும் கொடுத்திருக்கலாம்; ஆனால் அவளுக்கு எழுத்துப் பிழைகள் அதிகம்.

அவிச்சல், எறிப்பு, வெக்கை, காங்கை என்று சொற்களை எண்ணிப் பெருமைப்பட்ட எனக்கு, அச்சொற்களெல்லாம் ஓட்டு வீட்டிலும் நாற்சார் வீட்டிலும் ஓலை வீட்டிலும் வாழ்ந்தவர்கள் ஆக்கியவை என்பது அன்றுவரை தோன்றவில்லை. தகரத்தின் கீழ் வளர்ந்த பிள்ளைக்கு அவை போதவில்லை. அவள் தனக்கு வேண்டியதைத் தானே எழுதிக்கொண்டாள். 1990இல் மின்சாரம் நின்று, மின்விசிறி என்பதையே பல ஆண்டுகள் மறந்திருந்த காலத்தை நானும் கடந்தவள்தான். ஆனால் எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. வெயில் எங்களுக்குச் சத்தமின்றியே வந்தது. கொங்கிறீட் தட்டின் கீழ் வாழ்பவர்கள் இப்போது சொல்வது இன்னொன்று. பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தத் தட்டு இரவிலே இறக்குகிறது. நள்ளிரவில் மின்விசிறியைப் போட்டால் அடுப்பூதுவது போல் இருக்கிறது என்கிறார்கள். அதற்கு ஒரு நல்ல சொல் இன்னும் நம்மிடம் இல்லை. பிள்ளைகள் யாராவது எழுதினால் நான் கோடிடமாட்டேன்.

2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியில், வெப்பம் மிகுந்த நாட்களில் மாணவரை வெளியிலே விளையாட்டுகளில் ஈடுபடுத்துவது பற்றிக் கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தல்களை அனுப்பியது. இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடைபெறும் பருவம் அது. அறிவுறுத்தல் நல்லது. ஆனால் பயிற்சிக்கு எந்த நேரம் உகந்தது, எந்த நேரம் ஆகாது என்பதை நாள்தோறும் முடிவு செய்ய வேண்டியவர் அதிபர். எனது மேசையில் ஒரு வெப்பமானி இருக்கிறது. அத்துடன், பாடசாலை வளவைக் கூட்டுகிற அம்மாவிடமும் காலையில் ஒரு வார்த்தை கேட்பது என் வழக்கமாகிவிட்டது. "இண்டைக்கு எப்படி அம்மா?" என்பேன். "எறிப்புத்தான் ரீச்சர், காத்திருக்கு," என்றால் எட்டரை மணி வரை பயிற்சிக்கு விடுவேன். "அவிச்சல்" என்றால் ஏழரைக்கே நிறுத்திவிடுவேன். பெற்றோர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தம் பிள்ளையின் இல்லம் தோற்றுவிடும் என்று கவலைப்படுகிறார்கள். ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் தண்ணீர் குடிப்பதற்கென்று ஒரு மணி அடிக்கிறோம். முதலில் அதை ஒரு விளையாட்டாகக் கொண்ட பிள்ளைகள் இப்போது மணி பிந்தினால் கேட்கிறார்கள்.

தீராத குறை ஒன்று உண்டு. பிள்ளைகளின் தொகை கூடியதால், தற்காலிகம் என்று சொல்லிப் போட்ட கொட்டகை ஒன்றிலே எங்கள் ஆறாந் தரம் நடக்கிறது. தற்காலிகமாகி ஆறு ஆண்டுகள் ஆயிற்று. கூரை தகரம். மேலே கிடுகு வேய்ந்திருக்கிறோம். சோளகம் எழும்பினால் அது நிற்பதில்லை. கிழக்குப் பக்கத்தில் இரண்டு வேம்பும் ஓர் இலுப்பையும் நட்டிருக்கிறோம். அவை இன்னும் என் தோளளவுக்கு வரவில்லை. பத்தரை மணிக்குமேல் அவ்வகுப்பைக் கடந்து போகும்போது, படிப்பிக்கும் ஆசிரியை சட்டென்று நிறுத்துவதைக் காண்கிறேன். மேலே ஒரு 'டக்' கேட்கும். முப்பத்தைந்து பிள்ளைகளும் ஒருங்கே தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்ப்பார்கள். பிறகு, எவரும் சொல்லாமலே, புத்தகங்களை எடுத்துக்கொண்டு மாமரத்தின் கீழ்ப் போவதற்கு எழுந்து நிற்பார்கள்.